கொழும்பில் வேலை தேடும் மாற்றுத்திறனாளிக்கு: கோப்பிலிருந்து முதல் சம்பளம் வரை

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, ஹட்டன் என்று எங்கிருந்தாவது வேலைக்காகக் கொழும்புக்கு வரும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு அலையும் வீட்டாருக்கும் இந்தக் குறிப்புகள். கொழும்பிலேயே வளர்ந்து முதல்முறை வேலைக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோ ஒரு இயலாமை உண்டு. அவர்களில் 15 வயதைத் தாண்டியவர்களை எடுத்தால், பத்துக்கு ஏழு பேர் அளவில் பொருளாதார நடவடிக்கை எதிலும் இல்லை. முதியவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள்தான். அவர்களைக் கழித்துப் பார்த்தாலும், வேலை செய்யக்கூடிய பெருந்தொகையானவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பது மாறாது.

நான் பார்த்தவரை, "சட்டம் இருக்கிறது, தருவார்கள்" என்று காத்திருப்பவருக்குக் கொழும்பில் அதிகம் கிடைப்பதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக, எழுத்தில், முன்கூட்டியே கேட்பவருக்குத்தான் காரியம் நடக்கிறது. கீழே உள்ளதில் பாதி, எதை யாரிடம் எப்படிக் கேட்பது என்பதுதான்.

சட்டம் எதுவரை கைகொடுக்கும்

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கக் கொண்டுவரப்பட்டது. இயலாமையைக் காரணம் காட்டி, வேலைக்கு ஆள் எடுப்பதிலோ கல்வி நிறுவனங்களில் சேர்ப்பதிலோ பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது அதன் 23ஆம் பிரிவு. அரசு, தனியார் என்று அது பிரிக்கவில்லை. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அந்தப் பிரிவு ஆட்சேர்ப்போடு நின்றுவிடுகிறது. பதவி உயர்வு, சம்பள வித்தியாசம், வேலைத்தளத்தில் செய்து தர வேண்டிய வசதி இவற்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உள்ளே போன பிறகு உங்களைக் காப்பது பெரும்பாலும் எல்லா ஊழியர்களுக்கும் பொதுவான தொழில் சட்டங்களும், உங்கள் நியமனக் கடிதமும்தான்.

எல்லோரும் கேள்விப்பட்டிருப்பது 3 வீத ஒதுக்கீடு. 1988இல் வந்த 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வரும் வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. தேவையான தகைமை இருக்க வேண்டும், இயலாமை அந்தக் கடமைக்குத் தடையாக இருக்கக்கூடாது என்பவை நிபந்தனைகள். இது சுற்றறிக்கை. நிரப்பாவிட்டால் நிறுவனத்துக்குத் தண்டம் எதுவும் இல்லை. தனியார் துறைக்கு இப்படி ஓர் ஒதுக்கீடே கிடையாது. அதனால் அரச வேலைக்கு விண்ணப்பியுங்கள், ஆனால் அதற்காகவே வருடக்கணக்கில் வீட்டில் இருக்காதீர்கள்.

கட்டடங்களைப் பொறுத்தவரை 2006இல் அணுகல் வசதி விதிகள் வந்தன. ஏற்கனவே இருந்த பொதுக் கட்டடங்களுக்கு மூன்று வருட அவகாசம் கொடுத்தார்கள். 2011இல் உயர் நீதிமன்றமும் இதைப் பற்றிக் கட்டளை பிறப்பித்தது. புதிய கட்டடங்களில் மாற்றம் தெரிகிறது. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் உள்ள பழைய கட்டடங்களில் இன்னும் வாசலிலேயே படிகள்தான். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. வேலைத்தளத்தில் நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்பது அதில் இருக்கிறது. கடிதம் எழுதும்போது இதைக் குறிப்பிடலாம், மரியாதையான ஒரு வரியாக.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்: ஒரு கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி இவற்றை அதில் போடுங்கள்: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, க.பொ.த. பெறுபேறுகள், பயிற்சிச் சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கை, பிரதேச செயலகத்தில் நீங்கள் மாற்றுத்திறனாளியாகப் பதிவாகியிருப்பதற்கான கடிதம். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் யாராவது "இன்றைக்கே அனுப்புங்கள்" என்று சொல்லும்போதுதான் இதன் அருமை தெரியும்.

மருத்துவ அறிக்கையில் கொஞ்சம் மினக்கெடுங்கள். அரச வைத்தியசாலை விசேட வைத்திய நிபுணர் வழக்கமாக நோயின் பெயரையும் பாதிப்பின் அளவையும் எழுதித் தருவார். அது வேலை கொடுப்பவருக்கு ஒன்றையும் சொல்லாது, சிலவேளை பயத்தைத்தான் தரும். "இவரால் எட்டு மணி நேரம் உட்கார்ந்து கணினியில் வேலை செய்ய முடியும், பாரம் தூக்கக்கூடாது" என்பதுபோல், எது முடியும் எது முடியாது என்று இரண்டு வரி சேர்த்து எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். 27/88 சுற்றறிக்கை நிற்பதே "கடமைக்குத் தடையா, இல்லையா" என்ற கேள்வியில்தான். அந்தக் கேள்விக்கு அதிகாரியின் ஊகத்தை விட டாக்டரின் இரண்டு வரி பெறுமதியானது.

ஊர்ப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் ஒருதரம் பாருங்கள். மாதாந்தக் கொடுப்பனவு பெறுபவராக இருந்தால், அது குடும்ப வருமானத்தோடு தொடர்புள்ளது. வேலை கிடைத்தால் கொடுப்பனவு என்னாகும், கொழும்பில் பதிவை மாற்ற வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டு வையுங்கள். பிறகு யாரோ சொன்னார்கள் என்று குழம்ப வேண்டாம். கொழும்பு நகரில் இரண்டு பிரதேச செயலகங்கள் உண்டு. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, புறக்கோட்டைப் பக்கம் கொழும்பு பிரதேச செயலகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, நாரஹேன்பிட்டிப் பக்கம் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். எந்த அலுவலகத்துக்குப் போவதென்றாலும் முதலில் 1919க்கு அழைத்து இடத்தையும் நாளையும் கேளுங்கள். அது அரச தகவல் நிலையம், தமிழிலும் பேசுவார்கள். வீணாக ஒரு ஓட்டோக் காசு போகாமல் இருக்கும்.

சான்றிதழ் இல்லாத திறமை

கை வேலை நன்றாகத் தெரிந்தும் கடதாசி இல்லாதவர்கள் நம்மில் நிறையப் பேர். தையல், மின் உபகரணத் திருத்தம், வெதுப்பகம், கணினித் தட்டச்சு எதுவானாலும், அனுபவத்தைப் பரீட்சித்து என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறை உண்டு. முன் கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று கேளுங்கள். மறுபடி ஆறு மாதம் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை, செய்து காட்டினால் போதும். இந்தத் தகைமை முறையை நடத்தும் ஆணைக்குழு நாரஹேன்பிட்டியில் நிபுணதா பியச என்ற கட்டடத்தில் இருக்கிறது.

புதிதாகப் பழக வேண்டுமென்றால் சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. கொழும்புக்குக் கிட்ட சீதுவையில் ஒன்று உண்டு. எந்தப் பாடநெறி தமிழில் நடக்கிறது என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு தெரியவந்தால் பயிற்சியை விட மொழிக்கே பாதி நேரம் போய்விடும்.

சிங்களம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேச்சுச் சிங்களம் தெரியாமல் கொழும்பில் வேலை செய்கிற தமிழர் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு அது இரட்டிப்பாக உதவும். பஸ்ஸில் இறங்க உதவி கேட்பதும் காவலாளியிடம் பின்பக்கச் சாய்தளம் எங்கே என்று கேட்பதும் அந்த மொழியில்தான் நடக்கும்.

எங்கே தேடுவது

அரச வெற்றிடங்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வருகின்றன, தமிழிலும். விண்ணப்பிக்கும்போது மாற்றுத்திறனாளி என்பதை எழுதி, 27/88 சுற்றறிக்கையின் கீழ் பரிசீலிக்குமாறு ஒரு வரி சேர்த்து, பதிவுக் கடிதத்தின் பிரதியை இணையுங்கள். போட்டிப் பரீட்சை என்றால் நீங்கள் சொல்லச் சொல்ல விடை எழுதும் உதவியாளர், மேலதிக நேரம், கீழ்மாடி மண்டபம் இவற்றில் எது தேவையோ அதை விண்ணப்பத்தோடேயே கேட்க வேண்டும். பரீட்சை நாளன்று மண்டப வாசலில் கேட்டால் மேற்பார்வையாளர் நல்ல மனுஷனாக இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு நிறுவனம் 3 வீதத்தை நிரப்பியிருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். தமிழில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். "கடந்த ஐந்து வருடங்களில் எத்தனை பேரை எடுத்தீர்கள், அதில் எத்தனை பேர் 27/88இன் கீழ்?" என்ற ஒரே கேள்வி போதும். பதில் பூச்சியம் என்று வந்தாலும் நல்லதுதான். அடுத்த விண்ணப்பத்தோடு அந்தப் பதிலின் பிரதியை இணைக்கலாம்.

தனியார் துறைக்கு இலங்கை முதலாளிமார் சம்மேளனத்தைத் தெரிந்து வைத்திருங்கள். மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பதற்கென்றே அவர்களிடம் நிறுவனங்களின் வலையமைப்பு ஒன்று நீண்டகாலமாக இயங்குகிறது. மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் பிரதேச செயலகங்களிலும் இருக்கிறார்கள். பெயரைப் பதிந்து வைத்தால் தொழிற்சந்தை நடக்கும்போது அழைப்பு வரும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கொம்பனித்தெரு சர்ச் வீதியில் உள்ள இலங்கை பார்வையற்றோர் சபை நல்ல தொடக்கம். செயற்கைக் கால் திருத்தவோ மாற்றவோ வேண்டியவர்கள் கொழும்பு நட்புறவுச் சங்கத்தைத் தேடிப் போகலாம். 1831இல் தொடங்கிய அமைப்பு அது, ஜெய்ப்பூர் கால் அங்கேதான் செய்கிறார்கள். கால் சரியாகப் பொருந்தாமல் வேலைக்குச் சேர்ந்தால் முதல் மாதமே புண் வந்து லீவு போட நேரும். அதை முடித்துவிட்டு நேர்முகத்துக்குப் போங்கள்.

தெரிந்தவர் மூலம் போகும் வழியும் இருக்கிறது. புறக்கோட்டை மொத்தக் கடைகள், வெள்ளவத்தை ஜவுளிக்கடைகள், செட்டியார்தெரு நகைக்கடைகள் எதற்கும் பத்திரிகை விளம்பரம் வராது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை, கோயில், சேர்ச் வழியாகத்தான் சொல்லிவிடுவார்கள். இந்த வழியில் ஒரு சிக்கல், உங்களுக்குப் பதிலாக மாமா பேசுவார். "பாவம் பிள்ளை, ஏதாவது பார்த்துக் கொடுங்கோ" என்பார். அப்படிக் கிடைக்கும் வேலையில் சம்பளம் தயவாகிவிடும். அறிமுகம் மட்டும் அவர் செய்யட்டும். வேலை என்ன, நேரம் என்ன, சம்பளம் என்ன என்பதை நீங்களே பேசுங்கள்.

சி.வி.யில் எழுதுவதா, மறைப்பதா

இதற்கு ஒரே பதில் கிடையாது. வெளியே தெரியும் இயலாமை என்றால் சி.வி.யில் எழுதத் தேவையில்லை. நேர்முகத்துக்கு அழைப்பு வந்ததும் சொல்லுங்கள். முதலிலேயே எழுதினால் படிக்காமலே ஒதுக்குகிறவர்கள் உண்டு. சொல்லாமலே போய் நின்றால் அவர்கள் திகைப்பில் இருந்து மீளவே அரை மணி நேரம் போய்விடும், நேர்முகமும் முடிந்துவிடும். வலிப்பு, மனநோய், நீண்டகாலச் சிறுநீரக நோய் போன்று வெளியே தெரியாதவற்றை, வேலையில் அதற்காக ஏதாவது தேவைப்பட்டால் மட்டும் சொன்னால் போதும் என்பது என் எண்ணம். இயந்திரத்தோடு வேலை, வாகனம் ஓட்டும் வேலை என்றால் மட்டும் மறைக்காதீர்கள், அது உங்கள் உயிர்.

அழைப்பு வந்ததும் அனுப்பக் கூடிய ஒரு மாதிரி:

"நேர்முகத்துக்கு அழைத்தமைக்கு நன்றி. நான் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன். வாசலில் படிகள் இருக்கின்றனவா, நேர்முகம் எந்த மாடியில், மின்தூக்கி உண்டா என்று தெரிவித்தால் நேரத்துக்கு வந்துசேர உதவியாக இருக்கும். கீழ்மாடியில் ஓர் அறை கிடைத்தால் அதுவும் போதும்."

பார்த்தீர்களா, அதில் மன்னிப்பும் இல்லை, நோயின் வரலாறும் இல்லை. காது கேளாதவர் என்றால், "கேள்விகளை எழுத்தில் தந்தால் பதிலளிப்பேன், அல்லது என்னுடன் சைகை மொழிபெயர்ப்பாளர் வருவார்" என்று எழுதலாம். கைதடி நஃபீல்ட் பாடசாலை போன்ற இடங்களில் படித்து வந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கொழும்பில் கிடைக்கும் மொழிபெயர்ப்பாளர் பலர் சிங்களச் சூழலில் பழகியவர்கள். நேர்முகத்துக்கு முதல் நாளே வீடியோ அழைப்பில் ஒருதரம் பேசிப் பாருங்கள், சைகைகள் ஒத்துப்போகின்றனவா என்று.

நேர்முகத்தில் "எப்படி வருவீர்கள், எப்படிச் செய்வீர்கள்" என்று கட்டாயம் கேட்பார்கள். கோபப்படாதீர்கள், அது பெரும்பாலும் அறியாமைதான். பார்வையற்றவர் என்றால், எழுத்தைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பானைப் போனில் ஓடவிட்டு அவர்களின் மின்னஞ்சல் ஒன்றையே வாசித்துக் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் முகம் மாறும். "கல்யாணம் ஆகிவிட்டதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று கேட்டால், "வேலைக்கு வருவதற்கு ஒரு சிரமமும் இல்லை" என்று முடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள்.

போடிங்கும் பஸ்ஸும்

கொழும்புக்கு வருகிற தமிழர்கள் பலர் முதலில் வெள்ளவத்தையில்தான் இடம் தேடுவார்கள். சாப்பாட்டுக் கடை, கோயில், தெரிந்த முகம் எல்லாம் அங்கே. ஆனால் வேலை ராஜகிரியவிலோ கட்டுநாயக்காவிலோ என்றால், சாப்பாடு சுமாராக இருந்தாலும் வேலைத்தளத்துக்குக் கிட்ட ஓர் அறை எடுப்பதுதான் நல்லது. காலை ஏழரைக்குக் காலி வீதியில் 100, 101 பஸ்களில் நல்ல கால் உள்ளவர்களே தொங்கிக்கொண்டு போகிறார்கள். கரையோர ரயிலில் பெட்டிக்கும் மேடைக்கும் இடையில் உயரமும் இடைவெளியும் உண்டு, ஊன்றுகோலோடு ஏறுவது பழகினவருக்கே சிரமம். கடைசியில் தினமும் ஓட்டோ, பிக்மீ என்று போய், சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே கரைந்துவிடும். வேலையை ஏற்கும் முன் ஒரு வேலைநாள் காலையில் அதே நேரத்தில் ஒத்திகை போய்ப் பாருங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

அறை பார்க்கும்போது வாடகையைப் பேசும் முன் குளியலறைக் கதவை அளந்துவிடுங்கள். சக்கர நாற்காலிக்குக் கதவு திறந்த நிலையில் 80 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். கொழும்பு அனெக்ஸ்களில் குளியலறைக் கதவு பெரும்பாலும் அதைவிடக் குறுகல்.

நியமனக் கடிதமும் முதல் மாதமும்

வாய்ப்பேச்சில் தொடங்கும் வேலை வாய்ப்பேச்சிலேயே முடியும். பதவி, சம்பளம், வேலை நேரம், தகுதிகாண் காலம் இவை எழுத்தில் இருக்க வேண்டும். 2025இல் செய்த திருத்தத்தின்படி தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. மாற்றுத்திறனாளிக்கு அதில் விலக்கு இல்லை. "பயிற்சிக்கு எடுக்கிறோம்" என்று சொல்லி முடிவே இல்லாமல் குறைந்த காசில் வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. பயிற்சி என்றைக்கு முடியும் என்ற திகதியைக் கடிதத்தில் கேளுங்கள். சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் கழித்து அவர்கள் 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதம். முதல் சம்பளத் துண்டிலேயே இதைச் சரிபாருங்கள்.

வசதிகளைக் கேட்க நல்ல நேரம், வேலை தருகிறோம் என்று சொன்னதற்கும் முதல் நாளுக்கும் இடையில். அப்போது அவர்கள் உங்களை விரும்பித் தெரிவு செய்திருக்கிறார்கள், நீங்களும் இன்னும் உள்ளே சிக்கவில்லை. ஒரு பக்கத்துக்கு மேற்படாத கடிதம், மூன்று கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் அது இல்லாவிட்டால் வேலை எப்படிப் பாதிக்கும் என்ற ஒரு வரி. பணம் செலவாகாததை முதலில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, கிளினிக் நாள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் தற்செயல் லீவும் உண்டு. கிளினிக் திகதிகளை முன்கூட்டியே கொடுத்து, அந்த நாட்களை இவற்றில் கழிப்பதா, நேரத்தை ஈடுசெய்வதா என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். பஸ் நெரிசலைத் தவிர்க்க ஏழு மணிக்கே வந்து முன்னேரம் போவதும் நிறுவனத்துக்கு ஒரு சதமும் செலவில்லாத விஷயம்.

பார்வையற்றவர்கள் கணினி வேலையில் சேரும்போது என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை நிறுவ அனுமதி கேட்க வேண்டும். அது இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால் நிறுவனக் கணினியில் வெளி மென்பொருள் போடத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு சுலபத்தில் விடாது, எனவே பெயரைச் சொல்லி முன்பே எழுதுங்கள். அடுத்தது எழுத்துரு. நம் நாட்டில் தமிழ்க் கடிதங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் ஏராளமாகத் தட்டச்சாகின்றன. கண்ணுக்கு அது தமிழ், திரைவாசிப்பானுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். "எனக்கு வரும் தமிழ் ஆவணங்கள் யூனிகோடில் வேண்டும், ஸ்கேன் செய்த படமாக வேண்டாம்" என்ற ஒரே வரி, பெரிய நிறுவனம் ஒன்று வாங்கித் தரும் எந்தக் கருவியையும் விட அதிகமாக உதவும்.

காது கேளாதவர்களின் பெரிய எதிரி இப்போது வாட்ஸ்அப் குரல்செய்தி. மேற்பார்வையாளர் நடந்துகொண்டே அரை நிமிடம் பேசி குழுவில் போடுவார், எல்லோருக்கும் வேலை தெரிந்துவிடும், ஒருவரைத் தவிர. குழுவில் எழுத்து மட்டும் என்று ஒரு விதி கேளுங்கள். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் தமிழுக்கும் வந்துவிட்டன, கூட்டங்களில் போனை மேசையில் வைத்தால் ஓரளவுக்குப் பிடிக்கும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசும் கூட்டத்தில் அது திணறிவிடும். அதனால் கூட்டம் முடிந்ததும் நான்கு வரிக் குறிப்பு ஒன்றை யாராவது அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தீ அபாய மணியை யார் வந்து தொட்டுச் சொல்வார் என்பதும் முதல் நாளே தீர்மானமாக வேண்டும்.

நடமாட்டச் சிரமம் உள்ளவர்கள் மேசை எந்த மாடியில் என்பதோடு கழிப்பறை எந்த மாடியில் என்றும் கேளுங்கள். வேலைத்தளத்தில் தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சிறுநீரகம் அதற்குக் கணக்குக் கேட்கும்.

வேலை கொடுப்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு

சின்னக் கடைக்காரர் முதல் மனிதவள அதிகாரி வரை இதை வாசிப்பவர்களுக்கு: சாய்தளத்துக்கு வழக்கமான அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. வாசலில் ஆறங்குலப் படி என்றால் ஆறடி நீளச் சாய்தளம் வேண்டும். மூன்றடியில் கட்டினால் அதில் மோட்டார் சைக்கிள்தான் ஏறும். கட்டும் முன் அதைப் பயன்படுத்தப் போகிறவரையே கூப்பிட்டுக் காட்டுங்கள்.

அப்புறம், முதல் நாள் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி "நம்மிடம் ஒரு மாற்றுத்திறனாளி சேர்ந்திருக்கிறார்" என்று கைதட்ட வைத்து, படமெடுத்துப் பேஸ்புக்கில் போடுகிற வழக்கத்தை விட்டுவிடலாம். அவருக்குத் தேவை வேலையும், வேலையில் பிழை விட்டால் மற்றவர்களைப் போலவே சொல்லித் திருத்தும் ஒரு மேலாளரும். பிழையைச் சொல்லாமல் விட்டுவிட்டுத் தகுதிகாண் காலம் முடியும்போது அனுப்பிவிடுவது அன்பு கிடையாது.

பிரச்சினை வந்தால்

முதலில் திகதி போட்டு எழுதிவைக்கத் தொடங்குங்கள்: யார், என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார். பிறகு நிறுவனத்துக்கே கடிதம். நேரில் கொடுத்தால் பிரதியில் கையொப்பம், இல்லாவிட்டால் பதிவுத் தபால். முக்கால்வாசி விஷயம் இங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் எழுத்தில் வந்த முறைப்பாட்டுக்கு எழுத்தில் பதில் தர எந்த நிர்வாகமும் தயங்கும்.

அரச நிறுவனம் உங்களை ஒதுக்கியிருந்தால், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைத் தருகிறது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம், கட்டணம் இல்லை.

தனியார் நிறுவனம் வேலையிலிருந்து நிறுத்தினால் போகும் இடம் வேறு. 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடத்தில், ஒரு வருடத்துக்குள் 180 நாளாவது வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. வேலையில் இருக்கும்போது விபத்தாலோ நோயாலோ மாற்றுத்திறனாளியானவர்கள் இதை முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டும். "இனி உங்களால் முடியாது, இராஜினாமாக் கடிதம் எழுதித் தாருங்கள், ஏதாவது பார்த்துச் செய்கிறோம்" என்று அன்பாகக் கேட்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் அது சம்மதமாகிவிடும். அன்றைக்கு ஒன்றிலும் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்து யோசியுங்கள். வேலையில் அடிபட்டதென்றால் தொழிலாளர் நட்டஈட்டுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

தொழில் திணைக்களம் நாரஹேன்பிட்டியில், மெஹெவர பியச என்ற உயர்ந்த கட்டடத்தில் இயங்குகிறது. சம்பளம், சேமலாப நிதி முறைப்பாடுகளையும் அங்கே கொடுக்கலாம். தொழில் நியாய சபைக்குப் போவதானால் வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் அலுத்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தை விசாரித்துவிட்டு உதவுவார்கள். கோப்பை எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள், நியமனக் கடிதமும் கடைசி மூன்று சம்பளத் துண்டுகளும் மேலே இருக்கட்டும்.